பிரண்டை போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். உங்களுக்கு வயது 50. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் கிராமம். போன ஐப்பசி மழையில் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்து கம்பி வைத்து, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார்கள். பயந்துபோய் நீங்களும் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தீர்கள். முதுகெலும்பில் அடர்த்தி எண் மைனஸ் 1.9, அதாவது எலும்பு மெலிவு, என்று வந்திருக்கிறது. "பிரண்டை எலும்பைக் கட்டும், உளுந்து இடுப்பைத் தாங்கும் என்று பாட்டி சொல்வார். மாத்திரை, ஊசி என்று போகாமல் இவற்றை வைத்தே சமாளிக்க முடியுமா? கடைத்தெருவில் ஒருவர் மூட்டுவலிக்கு மூலிகைப் பொடி கொடுக்கிறார், அதை வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சித்த மருத்துவம் படித்தவள். கும்பகோணத்தில் 22 வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறேன். பிரண்டையை விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு மனம் வராது. அதனாலேயே, அதன் பெயரில் யாரும் ஏமாந்து எலும்பை இழந்துவிடக் கூடாது என்ற பதைப்பும் எனக்கு அதிகம். நேராகச் சொல்லிவிடுகிறேன். பிரண்டை சாப்பிடுங்கள், உளுந்தும் சாப்பிடுங்கள். ஆனால் நின்றுபோன ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் இடத்தை அவை இரண்டும் நிரப்பாது. அந்தப் பொடியை மட்டும் தொடாதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நடவுக்கு முன்னால் நம் வயல்களில் வரப்புக்கு அண்டை கழிப்பார்களே, பார்த்திருப்பீர்கள். நண்டு வளை போட்டு, புல் மண்டிக் கிடக்கும் பழைய மண்ணை மண்வெட்டியால் சீவி எடுப்பார்கள். பிறகு புதுச் சேற்றை அள்ளி அணைத்து மெழுகுவார்கள். சீவுவதும் அணைப்பதும் சமமாக நடக்கிறவரை வரப்பு எத்தனை தலைமுறை ஆனாலும் நிற்கும். எலும்புக்குள்ளும் வருடம் முழுக்க இதே வேலைதான் நடக்கிறது. பழைய எலும்பைக் கரைக்க ஒரு வகை செல், புது எலும்பை வைக்க இன்னொரு வகை செல். கரைக்கிற செல்கள் அளவு மீறிப் போகாமல் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர்தான் ஈஸ்ட்ரோஜன். மாதவிலக்கு நிற்கும்போது அந்த ஆள் வேலையை விட்டுப் போகிறார். சீவுகிறவர்கள் பெருகுகிறார்கள், அதிக நாள் தங்குகிறார்கள். அணைக்கிறவர்களும் வேலை செய்யத்தான் செய்கிறார்கள், ஆனால் ஈடு கொடுக்க முடியவில்லை.

இந்த இழப்பு ஒரே சீராக வருவதில்லை. மாதவிலக்கு நின்ற முதல் 5 முதல் 7 வருடங்களில்தான் வேகம். சில பெண்கள் அந்தக் காலத்துக்குள்ளேயே 20 சதவீதம் வரை இழந்துவிடுகிறார்கள். அதன்பின் வேகம் தணியும், நிற்காது. உள்ளே பஞ்சு போல இருக்கும் எலும்புகளைத்தான் முதலில் அரிக்கும்: முதுகெலும்பு, மணிக்கட்டு, அப்புறம் தொடை எலும்பின் கழுத்து. நீங்கள் இப்போது அந்த வேகமான வருடங்களின் தொடக்கத்தில் நிற்கிறீர்கள். இன்னும் 15 வருடம் கழித்துக் கேட்பதைவிட இப்போது கேட்டது எவ்வளவோ நல்லது.

இங்கே ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். நம் பக்கத்தில் பல பெண்களுக்குப் பெரும்பாடு, கட்டி என்று சொல்லி 40 வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். கூடவே சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. எடுத்திருந்தால், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் இடமே போய்விட்டதால், எலும்புக் கணக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது. உங்கள் அக்கா, நாத்தனார் யாருக்காவது அப்படி நடந்திருந்தால் பழைய மருத்துவச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி பிரண்டை. கிளுவை வேலியில், வைக்கோல் போருக்குப் பின்னால், யாரும் நடாமலே படர்ந்து கிடக்கும் கொடி. வச்சிரவல்லி என்று ஏடுகள் சொல்லும். வடக்கே இதன் பெயரே எலும்பை இணைப்பது என்ற பொருளில் ஹட்ஜோட். அக்ரகாரத்துத் திவசச் சமையலில் ஒரு கணக்கு உண்டு: பாகற்காய் நூறு காய்க்குச் சமம், பிரண்டை முந்நூறுக்குச் சமம், பலா அறுநூறுக்குச் சமம். துவையலாகவாவது இலையில் அது விழுந்தாக வேண்டும். அப்பளம் இடுகிறவர்கள் உளுந்து மாவில் பிரண்டைச் சாறு சேர்த்துப் பிசைவார்கள். இப்படி மருந்து என்று பெயர் சொல்லாமலே நம் இலைக்கு வந்து சேர்ந்த கொடி அது.

ஆய்வும் நடந்திருக்கிறது. 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பாவும் ஜி. பிரசாதும் எலும்பு முறிந்த விலங்குகளுக்குப் பிரண்டை கொடுத்துப் பார்த்தார்கள். முறிந்த இடத்தில் கால்சியம் எவ்வளவு சேர்கிறது என்பதைக் கதிரியக்கக் கால்சியம் கொண்டு அளந்தார்கள். பிரண்டை பெற்றவற்றுக்கு எலும்பு சீக்கிரம் கூடியது. கவனியுங்கள், அது முறிவு கூடுவது பற்றிய ஆய்வு. முறிந்த இடத்தில் உடம்பே முழு மூச்சாக எலும்பு கட்டிக்கொண்டிருக்கும், பிரண்டை அதற்குக் கை கொடுக்கிறது. மாதவிலக்குக்குப் பின் உடம்பு முழுக்க மெல்ல அரிக்கிற இழப்பைத் தடுப்பது வேறு வேலை. பாட்டி சொன்ன "எலும்பைக் கட்டும்" என்ற சொல் முதல் வேலைக்கு உரியது. அதை நாம் இரண்டாவது வேலைக்கும் இழுத்துப் போர்த்துகிறோம்.

இரண்டாவதற்கும் ஆய்வு இல்லாமல் இல்லை. 2003-ல் மணிப்பாலில், மாதவிலக்கு நின்ற நிலையை உண்டாக்கச் சினைப்பை அகற்றிய எலிகளுக்குப் பிரண்டையின் எத்தனால் சாரத்தைக் கொடுத்தார்கள். எலும்பு இழப்பு குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் கொடுத்த அளவைப் பாருங்கள்: எலியின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளுக்கு 500 முதல் 750 மி.கி. சாரம். எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் கழிவு போட்டுக் கணக்கிட்டாலும், 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பல கிராம் வடித்த சாரம் வேண்டும். வாரம் ஒரு நாள் தொட்டுக்கொள்ளும் துவையலில் அது வராது. பெண்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, சில மாதங்களே நீடித்தவை. எலும்பு அடர்த்தி கூடுகிறதா என்று தெரியவே குறைந்தது ஒரு வருடம், இரண்டு வருடம் வேண்டும். இடுப்பு முறிவு குறைகிறது என்று சொல்ல ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருடம் பின்தொடர வேண்டும். பிரண்டைக்கு அந்த அளவு சான்று கிடையாது. என் சொந்த மருத்துவமுறையின் கொடி என்பதற்காக இல்லாத சான்றை நான் சேர்த்துச் சொல்ல முடியாது.

இப்படிப் பேசுவது மரபுக்குத் துரோகம் என்று சிலர் கோபிப்பார்கள். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் நடத்திய தன்வந்திரி மகாலை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். கண் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் என்ன குறை, என்ன சிகிச்சை, எப்படித் தேறினார் என்று எழுதி, கண்ணின் படத்தையும் வரைந்து வைத்த ஏடுகள் சரசுவதி மகாலில் இன்றும் இருக்கின்றன. இருநூறு வருடத்துக்கு முன் நம் ஊரில் மருந்தைக் கொடுத்துவிட்டு விளைவை எழுதி வைத்தார்கள். நான் கேட்பதும் அதே ஒழுங்கைத்தான்.

அப்படியானால் பிரண்டை எதற்கு? நல்ல உணவாக. நார்ச்சத்தும் உயிர்ச்சத்து சி-யும் உள்ள கொடி, பசியைத் தூண்டும், வயிற்றுப் பொருமலைத் தணிக்கும். வாரம் இரண்டு முறை துவையல் செய்யுங்கள். இளங்கொழுந்தாக மூன்று நான்கு கணு போதும், முற்றியது வேண்டாம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு ஓரத்து நாரை உரித்து எடுங்கள். அதிலிருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் அரிப்புக்கும் தொண்டை நமைச்சலுக்கும் காரணம். நிறம் மாறும்வரை எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி கொஞ்சம் தாராளமாக வைத்து, வறுத்த உளுந்தும் மிளகாயும் ஒரு கரண்டி எள்ளும் சேர்த்து அரையுங்கள். பச்சையாகச் சாறு பிழிந்து குடிப்பதெல்லாம் வேண்டாம். வீட்டிலேயே எரித்துப் பிரண்டை உப்பு எடுப்பதும் வேண்டாம். அது காரத்தன்மையுள்ள உப்பு, இரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்குத் தீங்கு செய்யும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் துவையலையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உளுந்துக்கு வருகிறேன். என் மனசுக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. தை மாதம் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், நிற்கிற கதிருக்குள் ஈரத்தில் உளுந்தை விசிறுவார்கள். கதிர் அறுத்தபின் பனியைக் குடித்தே அது வளரும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஆடுதுறை 3 என்ற ரகத்தைக் கொடுத்தது. அந்தத் தோல் உளுந்துதான் நம் வீட்டுக் களி. கருப்பட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுவது. அதை யாருக்கு, எப்போது கொடுத்தார்கள்? பெரியவளான பெண்ணுக்கு, 12, 13 வயதில். குச்சுக்குள் உட்காரவைத்து நாள் தவறாமல் கொடுத்தார்கள்.

அந்தக் காலத் தேர்வு எத்தனை சரியானது என்று நவீன மருத்துவம் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெண்ணின் வாழ்நாள் எலும்பில் பெரும்பங்கு, பூப்பெய்தும் காலத்தை ஒட்டிய சில வருடங்களில்தான் சேர்கிறது. 30 வயதுக்குள் சேமிப்பு முடிந்துவிடும். அதற்குப்பின் இருப்பதைக் காப்பதுதான். உளுந்தில் கால்சியம் ரொம்ப இல்லை. ஆனால் 100 கிராமுக்கு 22 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. எலும்பின் சட்டகமே புரதம்தான், அதன்மேல்தான் சுண்ணச்சத்து படியும். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேரும்போது வளர்கிற பெண்ணுக்கு வேண்டிய வலுவும் கிடைக்கிறது. ஆக, களி என்பது சேமிப்புக் காலத்து உணவு. 50 வயதில் அது எலும்பை மறுபடி ஏற்றிவிடாது. ஆனால் தசை கரையாமல் இருக்க உங்களுக்கும் புரதம் வேண்டும், தசை இருந்தால்தான் விழமாட்டீர்கள். அதனால் நீங்களும் சாப்பிடுங்கள், சர்க்கரை இருந்தால் கருப்பட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, அவளுக்கு வாரம் மூன்று நாள் கட்டாயம் கொடுங்கள். இன்றைக்கு அந்தக் களி உங்களைவிட அவளுக்குத்தான் அதிகம் தேவை.

"நம் பாட்டிகளுக்கு இந்தத் தேய்வெல்லாம் வந்ததா?" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. 1947-ல் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது அளவில்தான் இருந்தது. குழந்தைச் சாவுகள் அந்தச் சராசரியை இழுத்தன என்பது உண்மை. ஆனாலும் மாதவிலக்கு நின்று 25 வருடம் வாழ்ந்த பெண்கள் இன்றைய அளவுக்கு இல்லை. வாழ்ந்த கிழவிகள் பலர் கூன் விழுந்து நடந்ததையும் பார்த்திருக்கிறோம். அதை வயசு என்று சொல்லிவிட்டோம். முன்னோக்கி வளைந்த அந்த முதுகு பல நேரம் முதுகெலும்பு ஒவ்வொன்றாக அமுங்கி முறிந்த முதுகு.

மற்ற மூலிகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயா, வெந்தயம் இவற்றில் ஈஸ்ட்ரோஜனைப் போல லேசாக நடிக்கும் சத்துகள் உண்டு. 2002-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் ஹார்மோன் மாத்திரைகள் இடுப்பு முறிவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. கூடவே மார்பகப் புற்றையும் பக்கவாதத்தையும் கூட்டின. அதன்பின் பலரும் தாவர ஈஸ்ட்ரோஜன் பக்கம் திரும்பினார்கள். 2011-ல் வெளிவந்த ஆய்வில், மாதவிலக்கு நின்று 5 வருடத்துக்குள் இருந்த 248 பெண்களைச் சேர்த்து, ஒரு பாதிக்கு சோயாவில் உள்ள தாவர ஈஸ்ட்ரோஜனான ஐசோஃப்ளேவோனை நாள்தோறும் 200 மி.கி. இரண்டு வருடம் கொடுத்தார்கள். எலும்பு இழப்பு அவர்களுக்கும் குறையவில்லை. சோதனைச்சாலையில் ஜொலிப்பது உடம்பில் அப்படியே நடக்காது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. தண்ணீர்விட்டான் லேகியம் உடல் சூட்டுக்கும் அசதிக்கும் நான் கொடுப்பதுண்டு, எலும்புக்கு என்று கொடுப்பதில்லை. குடும்பத்திலோ உங்களுக்கோ மார்பகப் புற்று இருந்திருந்தால் அதுவும் வேண்டாம். அமுக்கரா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் சரிப்படாது. அதிமதுரம் இரத்தக் கொதிப்பை ஏற்றும். "மூலிகைதானே" என்று மூன்றையும் கலந்து பொடி செய்து சாப்பிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

முத்துச்சிப்பிப் பற்பம், சங்கு பற்பம், அண்டவோட்டுப் பற்பம் பற்றியும் கேட்பீர்கள். சிப்பி, சங்கு, முட்டை ஓடு எல்லாமே சுண்ணச்சத்துதான். முறைப்படி புடமிட்ட, அதாவது சுட்டு நீறாக்கிய, பற்பம் கால்சியத்துக்கு ஒரு வழி. அளவையும், எதோடு கலந்து சாப்பிடுவது என்ற அனுபானத்தையும் படித்த சித்த மருத்துவர் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் போய்க் கேளுங்கள், வீட்டில் சுடாதீர்கள்.

ஆட்டுக்கால் சூப் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் சூப்பில் இறங்கும் கால்சியம் மிகக் கொஞ்சம். ஒரு டம்ளர் பாலுக்குப் பக்கத்தில்கூட வராது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் அப்படித்தான். கும்பகோணம் கொழுந்து வெற்றிலையின் ருசியை நான் மறுக்கவில்லை. கூடச் சேரும் பாக்கு புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே முதல் பட்டியலில் வைத்திருக்கிறது, புகையிலை எலும்பையும் அரிக்கும். எலும்புக்காகத் தாம்பூலம் போடுகிறேன் என்று சொல்லாதீர்கள்.

இப்போது அடுப்படிக் கணக்கு ஒன்று போடுவோம். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மி.கி. கால்சியம் என்று நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. காலையும் மாலையும் இரண்டு காபியில் 200 மி.லி. பால் சேர்ந்தால் 240. மதியம் ஒரு கிண்ணம் தயிர் 200. ஐம்பது கிராம் கேழ்வரகில் கூழோ அடையோ செய்தால் 175. ஒரு பிடி முருங்கைக்கீரை, ஆய்ந்தபின் 50 கிராம், 150-க்குக் குறையாது. ஒரு மேசைக்கரண்டி எள், பொடியாகவோ உருண்டையாகவோ, 100-க்கு மேல். கூட்டினால் ஏறக்குறைய 900. மீதிக்கு இன்னொரு டம்ளர் பால் அல்லது மோர், அசைவம் சாப்பிடுவீர்களானால் முள்ளோடு கடித்துத் தின்கிற நெத்திலி. நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து வரும் நெத்திலிக் கருவாடும் ஆகும், உப்பைக் கழுவிவிட்டு. கொடிக்காலில் வெற்றிலை படர நட்ட அகத்தியில் கீரை தாராளமாகக் கிடைக்கும். நூறு கிராமில் 900 மி.கி.க்கு மேல் கால்சியம் உள்ள கீரை அது. சித்த மருந்து சாப்பிடும் நாட்களில் மட்டும் அகத்தியைத் தவிர்ப்பது எங்கள் மரபு, மருந்தை முறிக்கும் என்பார்கள்.

கீரையிலும் எள்ளிலும் உள்ள சத்து முழுக்க உடம்பில் ஒட்டாது என்பதால் பால், தயிரை விட்டுவிடாதீர்கள். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் சத்து நன்றாகச் சேரும். எவ்வளவு செய்தும் எட்டவில்லையென்றால் 500 மி.கி. மாத்திரை ஒன்று, சாப்பாட்டோடு. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கால்சியம் குடலில் ஏற உயிர்ச்சத்து டி வேண்டும், அது பெரும்பாலும் வெயில் பட்டு நம் தோலில்தான் உண்டாகிறது. "காலை ஆறு மணி இளவெயிலில் தினமும் நடக்கிறேனே" என்று பலர் சொல்கிறார்கள். இளவெயிலில் அந்தச் சத்தைச் செய்யும் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் சரியான நேரம், நம் ஊரில் காலை பத்து மணிக்கு மேல். மாநிற, கறுப்புத் தோலுக்கு முகம், கைகள் படும்படி அரைமணி நேரம் தேவைப்படும். முன்பு நடவு வயலில் இது கேட்காமலே கிடைத்தது. இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது, நாமும் வீட்டுக்குள் வந்துவிட்டோம். ஒருமுறை இரத்தத்தில் டி அளவைப் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் மருத்துவர் வாரம் ஒரு மாத்திரை எழுதுவார், அந்த வாரக் கணக்கை மீறி நீங்களாக நீட்டாதீர்கள்.

பாரம் சுமக்காத எலும்பு தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும். ஆற்றங்கரையில் வேகமாக நடங்கள், படி ஏறுங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தொப்பென்று இறக்குவதை 30 முறை செய்யுங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாகச் செய்யுங்கள். முதுகெலும்பில் மைனஸ் 1.9 இருக்கும்போது நெல் மூட்டையைக் குனிந்து தூக்குவது, குனிந்தபடியே முதுகை முறுக்குவது வேண்டாம். குனிய வேண்டுமென்றால் முழங்காலை மடக்கிக் குந்துங்கள்.

அந்தப் பொடியைப் பற்றிக் கேட்டீர்கள். நான்கு வருடம் முன் ஒரு பெண் என்னிடம் வந்தார், 54 வயது. முகம் உருண்டு பளபளவென்று இருந்தது, கையெல்லாம் மெலிந்திருந்தது, சர்க்கரை எகிறியிருந்தது. ஒன்றரை வருடமாக யாரோ கொடுத்த பெயரில்லாத பொடி சாப்பிட்டிருக்கிறார். "மூன்றாம் நாளே வலி பறந்துடுச்சு டாக்டரம்மா, அதான் விடலை" என்றார். எந்த மூலிகையும் மூன்று நாளில் வலியைப் பறக்கவிடாது. அத்தனை அடையாளமும் ஸ்டீராய்டு அடையாளம். மூட்டுவலி மூலிகை என்று விற்கும் பொடிகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு எலும்பு கட்டும் செல்களையே கொல்லும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு அதைக் கொடுப்பது உடைந்த கரையில் மடையையும் திறந்துவிடுவது போல. அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தபோது இரண்டு முதுகெலும்புகள் ஏற்கனவே அமுங்கியிருந்தன. உங்கள் தெருவில் யாராவது பல மாதமாக அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், அதுவும் ஆபத்து. பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

உங்கள் எண் பற்றி. மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 1-க்கும் 2.5-க்கும் இடையில் எலும்பு மெலிவு, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புத் தேய்வு நோய். மெலிவில் இருக்கிற எல்லாருக்கும் மருந்து தேவைப்படாது. ஆனால் பெற்றவருக்கு இடுப்பு முறிந்திருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல். இதை ஸ்கேன் காகிதம் தானாகச் சொல்லாது, நீங்கள்தான் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தில் அதே இடத்தில், அதே இயந்திரத்தில் மறுபடி எடுங்கள். இயந்திரம் மாறினால் எண் மாறும், இறங்கியதா ஏறியதா என்று தெரியாது. அதற்குள் எண் 2.5-ஐத் தொட்டாலோ, சும்மா நின்ற இடத்தில் விழுந்து எலும்பு முறிந்தாலோ, மருந்துக்குத் தயங்காதீர்கள். எலும்பு கரைவதைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை வாரம் ஒன்று, வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். "ஆரம்பித்தால் விடமுடியாது" என்று நீங்கள் கேள்விப்பட்டது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிக்குப் பொருந்தும். அதை நடுவில் நிறுத்தினால் எலும்பு வேகமாக இறங்கும், வேறு மருந்தைத் தொடர வேண்டும். மாத்திரையை ஐந்து வருடம் போல் சாப்பிட்டபின் பலருக்கு இடைவெளி விடுவதே வழக்கம். மருந்து சாப்பிடும்போதும் துவையலும் கீரையும் தொடரலாம், ஒன்று மற்றதற்குப் பகையில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவைப் பற்றி ஒரே வரி எழுதினீர்கள்: கம்பி வைத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்புக்கு என்று ஏதாவது மருந்து கொடுத்தார்களா என்று எழுதவில்லை. பெரும்பாலும் கொடுப்பதில்லை, நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முறிந்ததை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அந்த முறிவே தேய்வு நோய்க்குச் சான்று, ஸ்கேன்கூடத் தேவையில்லை. ஒருமுறை இடுப்பு முறிந்தவருக்கு அடுத்த முறிவு வருவதற்கு அதிக நாள் ஆகாது. உங்கள் வீட்டில் இன்றைக்கு மருந்து உடனே தேவைப்படுகிறவர் அவர்தான். இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போய், இரத்தத்தில் கால்சியம், உயிர்ச்சத்து டி, சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின் மூன்றும் பார்த்துவிட்டு, வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் என்ற எலும்பு மருந்து அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஆடுகிற பல் ஏதாவது எடுக்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். கொல்லைப்புறப் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டு, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதியுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்து தரையைச் சீயக்காய் போட்டுக் கழுவும்வரை அவரை அங்கே கால் வைக்கவிடாதீர்கள்.